விறகு அடுப்பைப் புகையில்லாமல் எரிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் இரும்பு விறகு அடுப்பைப் பற்றி இது. கண்ணாடிக் கதவு, மேலே கூரையைத் தாண்டிப் போகும் புகைக்குழாய், காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒன்றிரண்டு திறப்புகள், அவ்வளவுதான் அதில் இருக்கும். பார்க்க எளிதாக இருப்பதால், விறகைப் போட்டோமா, பற்ற வைத்தோமா என்று முடிந்துவிடும் என நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறோம். முதல் வாரத்திலேயே கண்ணாடி கறுத்துப்போகும், கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடிக்கும், விறகு மட்டும் கரைந்துகொண்டே இருக்கும், அறை சூடாகவே ஆகாது.

என் முதல் குளிர்காலம் அப்படித்தான் போனது. அடுப்பு நிறைய விறகை அடைத்து, காற்றை முழுதாக மூடி, இரவெல்லாம் கனன்றுகொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கப் போவேன். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், குழாயின் இணைப்பிலிருந்து கறுப்பாக, பாகு பதத்தில் ஏதோ வழிந்து அடுப்பின் மேல் உறைந்து கிடந்தது, தார் வாடையோடு. குழாயைத் துடைக்க வந்தவர் தூரிகையை உள்ளே விட்டு நாலு முறை இழுத்ததும் பளபளவென்று கரிச் செதில்கள் பொலபொலவென உதிர்ந்தன. அரை வாளி தேறியது. ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டி, "இது பற்றியிருந்தால் கூரை போயிருக்கும்" என்றார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்: புகை என்பது எரியாமல் தப்பிப் போகிற விறகு. அதற்குள் நீங்கள் தேடும் சூடு இருக்கிறது, குழாயில் படியும் தாரும் அதிலிருந்துதான் வருகிறது, ஊர் காற்றைக் கெடுப்பதும் அதுவே.

விறகு எரியும் விதம்

விறகு நேரடியாக எரிவதில்லை. முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிப் போகிறது. அப்புறம் 200, 300 டிகிரி செல்சியஸ் அளவில் கட்டை சிதைந்து வாயுவை வெளிவிடத் தொடங்குகிறது. நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படி வாயுவாகவே வெளியேறுகிறது, அடுப்பு தரும் சூட்டில் பாதிக்கு மேல் அதிலிருந்து கிடைக்கிறது. அந்த வாயு முழுதாக எரிய 600 டிகிரிக்குப் பக்கத்தில் சூடும் போதுமான காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வாயு எரியாமல் புகையாகக் குழாய்க்குள் போய்விடும். குழாயின் உட்சுவர் 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் அங்கேயே படிந்து உறையும். இதற்குப் பெயர் கிரியோசோட். முதலில் பஞ்சு போன்ற கரியாக இருக்கும், பிறகு செதிலாகும், கடைசியில் கண்ணாடி பூசினாற்போல இறுகி எந்தத் தூரிகைக்கும் அசையாது. கடைசியாகச் சொன்ன இந்த நிலைதான் மிக ஆபத்தானது.

ஆகவே நமக்கு வேண்டியது சின்னதாக, பிரகாசமாக, சூடாக எரியும் தீ. நிறைய விறகைப் போட்டுக் காற்றை மூடிப் புகைய வைப்பது இதற்கு நேர் எதிரான வேலை.

விறகைத் தேர்ந்தெடுப்பது

பாதி வெற்றி இங்கேயே இருக்கிறது. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீராக இருக்கும். அடுப்புக்கு வரும்போது அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் சூடு ஒரு நஷ்டம்தான், ஆனால் பெரிய கேடு அதுவல்ல. ஆவி கிளம்பித் தீயையே குளிர வைத்துவிடுகிறது, வாயு பற்றும் அளவுக்குச் சூடு ஏறுவதே இல்லை. பச்சை விறகை எவ்வளவு நல்ல அடுப்பில் போட்டாலும் அது புகையத்தான் செய்யும்.

ஈரமானி என்று ஒரு சின்னக் கருவி கிடைக்கிறது, இரண்டு ஊசி வைத்தது, விலையும் அதிகமில்லை. அதை விறகின் வெளிப்பக்கத்திலோ நுனியிலோ குத்திப் பார்ப்பதில் பயனில்லை, அங்கே எப்போதும் காய்ந்துதான் இருக்கும். ஒரு கட்டையை எடுத்து நடுவே பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் நடுப்பகுதியில் குத்துங்கள். கருவி இல்லாவிட்டால் அந்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஈரமாக இருந்தால் சில்லென்று தெரியும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது 'டங்'கென்று கணீரென ஒலிக்கும், ஈரமானது 'தொப்'பென்று அடங்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் வெடிப்புகளும், தானாகக் கழன்று வரும் பட்டையும் நல்ல அறிகுறிகள்தான், என்றாலும் வெடிப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

'காய்ந்த விறகு' என்று சொல்லி விற்பவர்கள் பலரும் வெட்டிச் சில மாதங்களான விறகைத்தான் தருகிறார்கள். மென்மரம் காய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும், வன்மரத்துக்கு ஒன்று முதல் இரண்டு வருடம், ஓக் போன்றவற்றுக்கு அதைவிடவும் கூட. அதுவும் பிளந்து அடுக்கிய நாளிலிருந்துதான் கணக்கு. உருண்டையாகப் பட்டையோடு கிடக்கும் தடி வருடக்கணக்கில் கிடந்தாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். எட்டிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் தடிமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் கட்டைகளின் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் வெயிலும் காற்றும் பட விட்டுவிடுங்கள். தார்ப்பாயால் நாலு பக்கமும் சுற்றிக் கட்டுவது பரவலான தவறு, உள்ளே விறகு பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கும்.

மென்மரமா வன்மரமா என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். எடைக்கு எடை பார்த்தால் காய்ந்த எந்த மரமும் ஏறக்குறைய ஒரே அளவு சூடுதான் தரும். வன்மரம் அடர்த்தியானது, அதனால் ஒரு கட்டை நீண்ட நேரம் நிற்கும். மென்மரம் சீக்கிரம் பற்றும், மூட்டுவதற்கு ஏற்றது. பைன் மரத்தைப் போட்டால் குழாயில் தார் படியும் என்று சொல்வார்கள். தாருக்குக் காரணம் ஈரமும் மூச்சு முட்டும் தீயும்தான், நன்றாகக் காய்ந்த பைன் சுத்தமாகவே எரியும்.

பெயின்ட் அடித்தது, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றியது, பிளைவுட், துகள் பலகை, பிளாஸ்டிக், பளபளக் காகிதம், வீட்டுக் குப்பை எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. மருந்தேற்றிய பழைய பலகைகளில் ஆர்செனிக் இருக்கலாம், அது புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். கடற்கரையில் ஒதுங்கிய கட்டையும் வேண்டாம், அதிலுள்ள உப்பு இரும்பை அரித்துவிடும்.

மூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை

பொருத்தும் வேலையை இதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். ஆனால் அவர் போன பிறகு நீங்களே சிலவற்றைப் பார்க்க முடியும். எரியக்கூடிய சுவர், திரை, நாற்காலி எல்லாம் அடுப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். அப்படி எதுவும் குறிப்பிடாத அடுப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 90 சென்டிமீட்டர், ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கு 45 சென்டிமீட்டர். விறகுக் கூடையை அடுப்போடு ஒட்டி வைப்பது அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதுவும் எரியக்கூடிய பொருள்தான். கூரைக்கு மேலே குழாய் வெளிவரும் இடத்திலிருந்து அதன் உச்சி 90 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும், மூன்று மீட்டர் தூரத்துக்குள் உள்ள எதையும்விட 60 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் காற்று திரும்பி உள்ளே தள்ளும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் தீக்குச்சியைத் தொடாதீர்கள். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கும், சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிட்டால் எழுந்திருக்க முடியாமல் போகலாம். அடுப்பு இருக்கும் அறையில் ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி ஒன்று, படுக்கையறைக்குப் பக்கத்தில் இன்னொன்று மாட்டுங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு, இரண்டும் தேவை. அலாரத்துக்கும் ஆயுட்காலம் உண்டு, பின்னால் போட்டிருக்கும் தேதியைப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

புது அடுப்பாக இருந்தால் முதல் இரண்டு மூன்று முறை சின்னத் தீயாக மூட்டி ஆற விடுங்கள். பெயின்ட் இறுகும்போது நெடி வரும், சன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

மேலிருந்து கீழே மூட்டுவது

கீழே சுள்ளி, மேலே பெரிய கட்டை என்றுதான் பலருக்கும் பழக்கம். இந்த அடுப்புக்கு அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கீழே தீயை வைத்தால் மேலே குளிர்ந்து கிடக்கும் கட்டைகள் சூடேறிப் புகையை விடும், அந்தப் புகையை எரிக்க மேலே சுவாலையே இருக்காது. மேலே தீ இருந்தால் கீழிருந்து எழும் வாயு அந்தச் சுவாலையைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் எரிந்துவிடும். குழாயும் சீக்கிரம் சூடாகும்.

முதலில் எல்லாக் காற்றுத் திறப்புகளையும் முழுதாகத் திறங்கள், குழாயில் அடைப்புத் தகடு இருந்தால் அதையும். அடித்தளத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாம்பல் இருந்தால் நல்லது, வழித்துத் துடைக்க வேண்டாம், விறகுத் தீ சாம்பல் மெத்தையில்தான் நன்றாக நிற்கும். அதன் மேல் இரண்டு நடுத்தரக் கட்டைகளை ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். அவற்றுக்குக் குறுக்கே கட்டைவிரல் தடிமனில் நாலைந்து சுள்ளிகள், அதற்குக் குறுக்கே இன்னொரு வரிசை, உச்சியில் மெல்லிய சிராய்கள். சிராய்களுக்கு நடுவே மெழுகில் தோய்த்த மரநார் உருண்டை ஒன்று, அல்லது முறுக்கிய காகிதம். பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

பற்ற வைப்பதற்கு முன், எரியும் தீக்குச்சியை அணைத்து அதன் புகையைக் கதவோரம் காட்டிப் பாருங்கள். புகை உள்ளே இழுபட்டால் சரி. அறைப்பக்கம் திரும்பினால் குழாயில் குளிர்ந்த காற்று அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். சமையலறை வெளியேற்றும் விசிறி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், பக்கத்துச் சன்னலைக் கொஞ்சம் திறங்கள், பிறகு ஒரு காகிதத்தை முறுக்கிப் பற்ற வைத்துக் குழாயின் வாய்க்கு நேராக ஒரு நிமிடம் பிடியுங்கள். குப்பென்று இழுவை கிடைத்ததும் காகிதத்தை உள்ளேயே விட்டுவிட்டு மூட்டத் தொடங்கலாம்.

உருண்டையைப் பற்ற வைத்ததும், உங்கள் கையேடு அனுமதித்தால், கதவை ஒரு விரல் அளவு திறந்தபடி ஐந்து நிமிடம் விடுங்கள். இந்த ஐந்து நிமிடமும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், கதவு திறந்த அடுப்பை விட்டு எழுந்து போகக் கூடாது. சிராய்கள் சடசடவென்று எரிந்து, தீ சுள்ளிகளில் இறங்கி, பிறகு மெதுவாகக் கீழே இருக்கும் கட்டையின் மேல்விளிம்பைக் கவ்வுவது கண்ணாடி வழியே தெரியும். முதல்முறை பார்க்கும்போது இது எங்கே கீழே இறங்கப்போகிறது என்று சந்தேகமாக இருக்கும். பொறுமையாக இருங்கள், குத்திக் கிளற வேண்டாம், அது இறங்கும். பிறகு கதவை மூடிவிடுங்கள்.

காற்றைக் குறைப்பது

பெரும்பாலான அடுப்புகளில் கீழ்க்காற்று ஒன்று, கண்ணாடியை ஒட்டி மேலிருந்து இறங்கும் மேற்காற்று ஒன்று என்று இரண்டு வழிகள் இருக்கும். கீழ்க்காற்று மூட்டுவதற்கு மட்டும். கட்டைகள் நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகு, பத்துப் பதினைந்து நிமிடத்தில், அதை மூடிவிட்டு மேற்காற்றில் ஓட்டுங்கள். மேற்காற்றையும் ஒரேயடியாகக் குறைக்காமல், கொஞ்சம் குறைத்து ஐந்து நிமிடம் பார்த்து, மறுபடி கொஞ்சம் என்று படிப்படியாகக் குறையுங்கள். பொன்னிறமாக, சோம்பலாக, அலை அலையாக ஆடும் சுவாலைதான் வேண்டும். சுவாலை மங்கிச் செம்பழுப்பாகி நுனியில் புகை கிளம்பினால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள், உடனே திறங்கள்.

குழாயில் ஒட்டிக்கொள்ளும் காந்த வெப்பமானி ஒன்று வாங்கி, அடுப்புக்கு மேலே 45 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். ஒற்றைத் தகட்டுக் குழாயின் வெளிப்பரப்பில் 115 முதல் 245 டிகிரி வரை இருந்தால் சரியான ஓட்டம். அதற்குக் கீழே போனால் தார் படியும், மேலே போனால் அடுப்புக்கும் குழாய்க்கும் கேடு. இரட்டைச் சுவர்க் குழாய்க்கு இது சரியாகக் காட்டாது, உள்ளே நுழைக்கும் வகை வேண்டும்.

இதைவிட நல்ல அளவுகோல் வெளியே இருக்கிறது. மூட்டி இருபது நிமிடம் கழித்து வெளியே போய்க் குழாய் உச்சியைப் பாருங்கள். வெறும் வெப்பத்தில் காற்று நெளிவது மட்டும் தெரிந்தால் உங்கள் விறகு முழுதாக எரிகிறது. வெள்ளையாக வந்து சட்டென்று கரைந்தால் அது நீராவி. நீலமும் சாம்பலும் கலந்து இழுத்துக்கொண்டே போனால் உள்ளே புகைகிறது. நான் இன்றைக்கும் ஒவ்வொரு முறையும் வெளியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

மறுபடி விறகு போடுவது

சுவாலை அடங்கித் தணல் சிவந்து கிடக்கும் நேரம்தான் சரியான நேரம். முதலில் காற்றை முழுதாகத் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள். கதவை வெடுக்கென்று இழுக்காமல் இரண்டு சென்டிமீட்டர் திறந்து சில நொடி நிறுத்தி, பிறகு மெதுவாகத் திறந்தால் புகை அறைக்குள் வராது. தணலைக் கதவுப்பக்கம் இழுத்து வைத்து, பின்னால் ஒன்றோ இரண்டோ கட்டைகளை வைத்து மூடுங்கள். கட்டையின் விளிம்பெல்லாம் கறுத்துச் சுவாலை பிடிக்கும்வரை காற்று முழுதாக இருக்கட்டும், அப்புறம் பழையபடி படிப்படியாகக் குறையுங்கள். அடுப்பு நிறைய அடைத்தால் எல்லாக் கட்டையும் ஒரே நேரத்தில் வாயுவை விடும், அவ்வளவுக்கும் காற்று பற்றாது. அழுத்திச் செய்த மரத்தூள் கட்டிகள் சூட்டில் உப்பும், அவற்றை இன்னும் குறைவாக வையுங்கள்.

இரவு படுக்கப் போகும்போது நிரப்பிக் காற்றை மூடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். படுப்பதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே கடைசிக் கட்டையைப் போட்டு, நன்றாக எரிந்து தணலாக விடுங்கள். சுவாலை போய் வெறும் தணல் மட்டும் இருக்கும் நேரத்தில்தான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும், குழாயும் ஆறிக்கொண்டிருப்பதால் இழுவையும் குறையும். எனவே தணல் இருக்கும்வரை குழாயின் அடைப்புத் தகட்டை மூடக் கூடாது.

சாம்பல்

ஒருநாள் காலையில், முந்தின இரவு எரிந்த சாம்பலைக் கையை மேலே வைத்துப் பார்த்துவிட்டு, ஆறிவிட்டது என்று தகர வாளியில் அள்ளி மூடி வெளியே வைத்தேன். மூன்றாம் நாள் எதற்கோ மூடியைத் திறந்து குச்சியால் கிளறினால், நடுவிலே நெல்லிக்காய் அளவில் இரண்டு கங்குகள் சிவப்பாக விழித்துக்கொண்டன. சாம்பல் கம்பளி மாதிரி, உள்ளே இருக்கும் தணலைப் பல நாள் பொத்தி வைத்திருக்கும். பிளாஸ்டிக் வாளி, அட்டைப்பெட்டி, குப்பைத்தொட்டி எதிலும் போடாதீர்கள், தூசி உறிஞ்சும் கருவியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். இறுக்கமான மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, கல் அல்லது சிமென்ட் தரையில் வையுங்கள், மரத் தளத்தில் வேண்டாம். முழுதாக ஆறிய சுத்தமான விறகுச் சாம்பலைச் செடிகளுக்குக் கொஞ்சமாகத் தூவலாம், அது காரத்தன்மை உள்ளது என்பதால் கை மிஞ்சக் கூடாது.

கறுத்த கண்ணாடிக்கும் இதே சாம்பல் போதும். அடுப்பு ஆறியிருக்கும்போது ஈரக் காகிதத்தைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.

குழாயும் பராமரிப்பும்

வருடத்துக்கு ஒருமுறையாவது, முடிந்தால் குளிர் தொடங்கும் முன், குழாயை ஆள் வைத்துத் துடையுங்கள். படிவு மூன்று மில்லிமீட்டர் தடிமன் வந்துவிட்டால் வருடம் முடியும்வரை காத்திருக்கக் கூடாது. கதவைச் சுற்றியுள்ள கயிறு போன்ற அடைப்பானைச் சோதிக்க, ஆறிய அடுப்பில் ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் காற்று கசிகிறது, கயிற்றை மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் செங்கற்களில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பரவாயில்லை, துண்டு பெயர்ந்து விழுந்தால் மாற்றுங்கள்.

குழாய்க்குள்ளேயே தீப்பிடித்துவிட்டால் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ரயில் போகிற மாதிரி ஓர் இரைச்சல் கேட்கும், குழாய் அதிரும், சில நேரம் சிவக்கும், உச்சியிலிருந்து பொறி பறக்கும். உள்ளே வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டக்கூடும். கதவையும் எல்லாக் காற்றுத் திறப்புகளையும் மூடுங்கள், வீட்டில் உள்ள எல்லோரையும் வெளியே அனுப்புங்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடேறிய இரும்பும் குழாயின் உட்சுவரும் வெடித்துவிடும். தீ தானாக அடங்கிவிட்டாலும் அழைக்கத்தான் வேண்டும், ஏனென்றால் குழாயைச் சுற்றியுள்ள மரச்சட்டம் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கலாம். குழாயை உள்ளிருந்து முழுதாகப் பரிசோதித்து, வெடிப்பு இல்லை என்று தெரியும்வரை அந்த அடுப்பில் ஒரு சுள்ளியைக்கூடப் பற்ற வைக்காதீர்கள்.